சீட் லாக் மக்கர் பண்ணினால்: பழையதையே சரிசெய்வதா, லாக் செட் மாற்றுவதா?

வயசான பைக்கில் சீட் லாக் மக்கர் பண்ணினால் மூன்று வழி இருக்கிறது. இருக்கிற லாக்கையே கழற்றிச் சுத்தம் செய்து, சாவியைச் சுற்றும்போது சீட் கொக்கியை இழுத்துவிடும் கேபிளை மட்டும் மாற்றலாம். சீட் லாக்கை மட்டும் புதிதாகப் போடலாம். இல்லையென்றால் இக்னிஷன், டேங்க் மூடி, சீட் மூன்றுக்கும் சேர்த்து லாக் செட் மாற்றலாம். என்னுடையது 2008 மாடல், 150 சிசி. வீடு சேலம் அஸ்தம்பட்டி பக்கம், ஏற்காடு ஏறி இறங்குவது வழக்கம். நான் முதல் வழியில் போனவன், அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

லாக்கே வேண்டாம் என்று போல்ட் போட்டு இறுக்கிவிடுகிறவர்களும் உண்டு. நடுவழியில் ஏதாவது கழன்றால் சீட்டைத் திறக்க ஸ்பேனர் வேண்டும். அந்த ஸ்பேனர் சீட்டுக்கு அடியில் இருக்கும். அதை விடுங்கள்.

முதலில் கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டும். சாவி லேசாகச் சுற்றுகிறது, ஆனால் சீட் திறக்கவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். சாவியே சுற்ற மறுத்தால் லாக்குக்குள் அழுக்கு, அல்லது சாவி தேய்ந்திருக்கிறது. சீட்டை ஒரு கையால் அழுத்திக்கொண்டு சுற்றினால் மட்டும் திறக்கிறதா? அப்படியானால் லாக்கில் குறை இல்லை. கொக்கி சரியாக உட்காரவில்லை, அல்லது சீட்டின் அடி ரப்பர் இடம் மாறியிருக்கிறது. சீட் கவர் மாற்றி வந்த வண்டிகளில் இதையும் பார்த்துவிடுவது நல்லது.

என் வண்டியில் பிரச்சினை கேபிளில்தான். வெளியே இழுத்துப் பார்த்தபோது, லாக் பக்கத்து முனையில் உள் ஒயர் இழை இழையாகப் பிரிந்து, மிச்சமிருந்த இழைகளும் துருவேறி உறைக்குள்ளேயே இறுகிப் போயிருந்தன. சேலத்துத் தூசி போதாதென்று, கருப்பூர் பக்கம் போனால் மேக்னசைட் கல் சுரங்கத்து வெள்ளைப் புழுதி. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போனால் மூடுபனி. புழுதியும் ஈரமும் மாறி மாறிப் போனால் எந்தக் கேபிள் தாங்கும்? கேபிள் விலை குறைந்த சாமான்தான். மாட்டும் முன் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல் முனையில் சொட்டுச் சொட்டாக ஆயில் விட்டு, அது கீழ் முனையில் கசியும்வரை பொறுத்திருந்தேன். லாக் துளைக்கு ஆயில் கூடாது, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிராஃபைட் பவுடர் போதும். அது கிடைக்காவிட்டால் பென்சில் முனையைச் சாவியில் தேய்த்து நாலைந்து தடவை விட்டு எடுக்கலாம்.

சீட் லாக்கை மட்டும் மாற்றுவது சுலபம், ஆனால் சாவிக்கொத்தில் இன்னொன்று சேரும். பழைய லாக்கின் பித்தளைத் தகடுகளைப் புதியதில் மாற்றிப் போட்டு ஒரே சாவிக்குக் கொண்டுவரலாம் என்பார்கள். சாவி போடுபவர் பொறுமைசாலியாக இருந்தால் நடக்கும். சிலர் பொருந்தாத தகட்டைக் கழற்றி வீசிவிட்டு, "சாவி போகுதுங்களா, அவ்வளவுதாங்க" என்று கொடுத்துவிடுவார்கள். தகடு குறையக் குறைய அடுத்தவன் சாவிக்கும் லாக் திறக்கும்.

லாக் செட் பார்க்க அழகான தீர்வு. எல்லாம் புதுசு, சாவியும் ஒன்று. என்னைத் தடுத்தது அந்தச் சாவிதான். வண்டியோடு வந்த இரண்டு ஒரிஜினல் சாவியும் என்னிடம் இருக்கின்றன. லாக் செட் போட்ட நிமிஷமே அவை வெறும் தகரம். பழைய வண்டி வாங்க வருகிறவர் ஆர்.சி.க்கு அடுத்துக் கேட்பது இரண்டாவது சாவியைத்தான். இக்னிஷன் லாக் புதிதாக மின்னினால், "ஏங்க, வண்டி எங்காச்சும் திருட்டுப் போய் வந்துச்சா?" என்ற சந்தேகம் வரும், அதைச் சொல்லி விலையைக் குறைப்பார்கள். முழு இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: வண்டி திருடு போய் க்ளெய்ம் போட்டால் இரண்டு சாவியையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். லாக் மாற்றியிருந்தால் பில்லைக் காட்டி விளக்க வேண்டியிருக்கும். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, விற்கும்போது வரும் பேரம் மட்டும்தான்.

அதற்காக லாக் செட்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு சாவி ஏற்கெனவே தொலைந்து, இக்னிஷனும் ஆடுகிறது, வண்டி ஓடும்போதே சாவியை உருவ முடிகிறது என்றால் செட் மாற்றுவதுதான் சரி. கம்பெனி சாமானாகக் கேளுங்கள், பழைய சாவிகளையும் பில்லையும் எடுத்து வையுங்கள். லோக்கல் செட் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதில் எனக்கு அனுபவம் கிடையாது. நண்பர் வண்டியில் பார்த்தேன், துளையை மூடும் சின்னத் தகடு அதில் இல்லை. நம் ஊர்ப் புழுதிக்கு அது ஒத்துவருமா என்பது சந்தேகம்தான்.

எதை மாற்றினாலும் பட்டறையில் சீட்டை உடனே சாத்தவிடாதீர்கள். சீட் திறந்திருக்கும்போதே ஸ்க்ரூ டிரைவரால் கொக்கியை அழுத்திப் பூட்டி, சாவியால் விடுவித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் முழுதாகத் திரும்பி வந்தால் அப்புறம் சாத்தலாம். வராமல் சாத்திவிட்டால் சைடு கவரைக் கழற்றி, கம்பியை உள்ளே விட்டுக் கொக்கியைத் தேட வேண்டியிருக்கும்.