பாண்டியில் பழைய வீடு பார்த்தோம்: யாரைக் கூட்டிப் போவது, எங்கே தட்டிப் பார்ப்பது

பாண்டியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் பழைய வீடு ஒன்று வாங்கலாமா என்று பார்ப்பதற்காகவே இந்த முறை லீவை நீட்டிக்கொண்டு வந்தேன். பாரிசில் இருக்கும் அக்காவும் மாமாவும் ரிட்டையர் ஆனதும் ஊரோடு வந்துவிடும் யோசனையில் இருக்கிறார்கள், மாமாவும் கூட வந்திருந்தார். புரோக்கர் காட்டியதில் முக்கால்வாசி ஒரே ரகம்தான். திண்ணையும் முற்றமுமாக இருந்த வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கி, மாடியில் ரெண்டு மூணு ரூம் ஏற்றி, ரூமுக்கு ஒரு பாத்ரூம் வைத்து, கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு இப்போது விற்க வருகிறார்கள். போட்டோவில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும்.

பிரான்சில் வீடு விற்பவர் ஒரு கட்டு சர்ட்டிபிகேட் கொடுத்தாக வேண்டும். 1949க்கு முந்தைய வீடு என்றால் பெயிண்டில் ஈயம் உண்டா என்று, வயரிங் 15 வருஷத்தைத் தாண்டியிருந்தால் அதன் நிலை என்ன என்று, சில பகுதிகளில் கரையான் பற்றியும். அதிலும் சுவர், தளம் பலமாக இருக்கிறதா என்று ஒரு வரி கிடையாது, அது வேறு கதை. இங்கே அந்தக் கட்டும் இல்லை. பேங்க் லோன் போட்டால் மதிப்பீட்டாளர் ஒருவர் வருவார், ஆனால் அவர் பார்ப்பது பேங்க் பணத்துக்கு வீடு ஈடாகுமா என்பதை மட்டும்தான். புரோக்கருக்கு வீடு விற்றால்தான் கமிஷன். அதனால், விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தன் கூலி தனக்கு வரும் என்கிற ஆள் நம் பக்கம் இருந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்து இரண்டு பேரைப் பிடித்தோம். ஒருவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். இன்னொருவர் சுண்ணாம்பு வேலையிலேயே வயசான ஒரு கொத்தனார். இரண்டு பேருக்குமாகக் கொடுத்தது வீட்டு விலையில் அரை சதவீதம்கூட வராது.

இருவரில் நான் அதிகம் கற்றுக்கொண்டது கொத்தனாரிடம். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாரும் தரை டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சுவரை விரல் மூட்டால் தட்டிக்கொண்டே போனார். "தம்பி, இந்தப் பக்கம் கேளுங்க, பொக்கு" என்றார். உள்ளே சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய செங்கல் சுவர், மேலே சிமெண்ட் பூச்சு. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு என்றால் வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளுக்குள்ளேயே மேலே ஏறி, உப்பு பூத்து, பூச்சு செங்கலை விட்டுப் பிரிந்து நிற்கிறது. படுக்கையறையில் நாலடி உயரத்துக்கு மரம் மாதிரி ஒரு பேனல் ஒட்டியிருந்தார்கள், அழகுக்காக என்றார் புரோக்கர். எந்தப் பழைய வீட்டிலும் இடுப்பளவு உயரத்துக்கு மட்டும் புது டைல்ஸோ பேனலோ இருந்தால், அதன் பின்னால் ஓதம் இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது தளம். இதற்குத்தான் அதிக நேரம் போனது, போகவும் வேண்டும். இந்த வீடுகளில் கீழ்த்தளத்துக்கு மேல் இருப்பது மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் சின்னச் செங்கலைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். ஒழுங்காக வைத்திருந்தால் நூறு வருஷம் தாண்டியும் நிற்கும். ஆனால் அதன் மேல் பாத்ரூம் கட்டுவார்கள் என்று அந்தக் காலத்து மேஸ்திரி எதிர்பார்க்கவில்லையே. குழாயில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் போதும், முதலில் போவது கட்டையின் முனை, அதாவது சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதி, கண்ணுக்கே தெரியாத இடம். நடுவில் கட்டை கல் மாதிரி இருக்கும், பாரம் தாங்கும் முனை உளுத்துப் போயிருக்கும்.

அதனால் பாத்ரூமுக்கு நேர் கீழே ஃபால்ஸ் சீலிங் இருந்தால் ஒரு பலகையையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் கேட்டோம், புரோக்கர் "சார், புது வேலை, கெட்டுப்போயிடும்" என்று இழுத்தார். மாமா விடவில்லை, திரும்ப மாட்டித் தரும் செலவு எங்களுடையது என்று சொல்லிக் கழற்ற வைத்தார். உள்ளே இரண்டு கட்டைகளுக்குச் சுவரோரம் இரும்புச் சேனல் முட்டுக் கொடுத்திருந்தது. கொத்தனார் பக்கத்துக் கட்டையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார், எந்தச் சிரமமும் இல்லாமல் இறங்கியது. அதே அறைக்கு மேல்தான் ஆயிரம் லிட்டர் டேங்கும். நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன்.

இன்ஜினியர் வேறு ஒன்றைத் தேடினார். மாடியில் நிற்கும் ஒவ்வொரு சுவருக்கும் கீழே என்ன இருக்கிறது என்று இறங்கி இறங்கிப் பார்த்தார். ஹால் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கீழே ஒரு குறுக்குச் சுவரை எடுத்திருக்கிறார்கள், மேல் சுவர் இப்போது எதன் மேல் நிற்கிறது என்றால் பாதி தளத்தின் மேல். புதிதாகப் போட்ட காங்கிரீட் தூண்களுக்குத் தனி அஸ்திவாரம், பழைய சுவருக்கு ஆழமில்லாத செங்கல் அஸ்திவாரம். இரண்டும் ஒரே அளவில் அமுங்காது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, அதுவும் சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரிந்தால், அது பூச்சில் வந்த வெடிப்பு இல்லை. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த பிறகும் திரும்பத் திறந்திருந்தால் சுவர் இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. சந்தேகம் என்றால் வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைத்து, அது உடைகிறதா என்று சில மாதம் பார்க்க வேண்டும் என்றார், லீவில் வந்த ஆளுக்கு அது எங்கே முடியும்! கதவுகளையும் பாருங்கள். மேல் விளிம்பைச் சாய்வாகச் சீவியிருந்தால் கதவு நிலை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ரசமட்டமும் தூக்குக்குண்டும் கொத்தனாரிடம் இருக்கும், வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

முற்றத்தை மூடியிருந்தார்கள். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து தூம்பு வழியாகத் தெருவுக்குப் போகிற அமைப்பு அது. இப்போது மேலே ஷீட், ஓரத்தில் ஒரு தகரக் கால்வாய், சுவருக்குள் ஒரு மெல்லிய பைப். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டிய ஊரில் அந்தப் பைப் என்ன செய்யும்? முற்றத்துக் கிணற்றையும் தூர்த்து மேலே டைல்ஸ் போட்டாயிற்று. செப்டிக் டேங்க் எங்கே என்று கேட்டதற்குக் கடைசி வரை பதில் வரவில்லை.

கடற்காற்று புதுக் காங்கிரீட்டையும் சும்மா விடுவதில்லை. சன்ஷேடு அடியில் நேர்க்கோட்டில் வெடிப்பும் துருக்கறையும் இருந்தால் உள்ளே கம்பி ஊதிவிட்டது. பழைய வீட்டில் பழைய பகுதியை விட இருபது வருஷத்து மாடிப் பகுதி மோசமாக இருப்பதைப் பல இடத்தில் பார்த்தோம்.

இந்தத் தெருக்களில் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்பதால் பக்கத்து வீட்டுக்காரரோடும் பேசிவிடுங்கள். இடிக்கப் போகிறாரா, மழையில் யார் பக்கம் ஈரம் வருகிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். ஊரில் பயம் புதிதல்ல, கடற்கரையில் 1870களில் கட்டிய மேரி (பிரெஞ்சுக் கால நகராட்சி அலுவலகம்) கட்டிடமே 2014 நவம்பர் மழையில் விழுந்து, திரும்பக் கட்டி 2021இல்தான் திறந்தார்கள்.

மற்ற சேவைகள் பற்றிச் சுருக்கமாக. கரையான் மருந்து அடிக்கும் கம்பெனி ஆள் இலவசமாகப் பார்ப்பதாகச் சொல்லி வந்து, எதையும் பார்க்காமல் கொட்டேஷன் மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். வக்கீல் நல்ல மனிதர், வில்லங்கச் சான்று வேகமாக எடுத்துத் தந்தார், பழைய பத்திரம் பிரெஞ்சில் இருந்ததால் மாமாவே படித்துவிட்டார். ஆனால் அனுமதி வரைபடத்தைக் கேளுங்கள் என்று வக்கீலுக்கு நாங்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது. வந்த வரைபடத்தில் மாடியே இல்லை. இன்ஜினியர் நேரில் அருமையாகப் பேசினார், எழுத்தில் ரிப்போர்ட் வாங்க மட்டும் பல போன் போட வேண்டியிருந்தது. பாதிப் பணத்தை ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு தருவதாக முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

அந்த வீட்டை விட்டுவிட்டோம். ரிப்போர்ட்டைக் காட்டி விலை குறைக்கச் சொன்னோம், வெளிநாட்டுக்காரர்கள் பேரம் பேசுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னொன்று பார்த்து வைத்திருக்கிறோம், யாரும் கை வைக்காத வீடு, பார்க்க அழுக்காக இருக்கிறது, ஆனால் சுவரும் கட்டையும் அப்படியே கண்ணுக்குத் தெரிகின்றன. அட்வான்ஸ் கொடுக்கவில்லை. ஐப்பசி மழை பிடித்ததும் கொத்தனார் உள்ளே போய் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், அதற்கும் கூலி பேசியாயிற்று.