ஃப்ரீபிளேன்: நாலு மாசமா குரூப் 2 படிப்புக்கு யூஸ் பண்றேன், என் அனுபவம்

குரூப் 2 மெயின்ஸுக்கு படிக்கிறவங்களுக்கு தெரியும், பிரிலிம்ஸ் மாதிரி வட்டத்த கருப்படிச்சிட்டு எழுந்து வந்துட முடியாது, பக்கம் பக்கமா கையால எழுதணும். எனக்கு விஷயம் தெரியாம இல்ல, பேனாவ எடுத்தா எத முதல்ல சொல்றது எத அப்புறம் சொல்றதுன்னு தெரியாம பாதியிலயே நின்னுடும். நோட்டுல பாயிண்ட் எழுதி வச்சா நடுவுல ஒண்ணு சேக்க இடம் இருக்காது, அம்புக்குறி போட்டு போட்டு ரெண்டு நாள் கழிச்சு எனக்கே புரியாது. அப்பதான் மைண்ட் மேப், அதாவது நடுவுல தலைப்ப வச்சு சுத்தி கிளை கிளையா யோசனைய பிரிச்சு போடற படம், அத போடற சாஃப்ட்வேர் பக்கம் போனேன்.

முதல்ல ஆன்லைன்ல ஒண்ணு (பேர் வேணாம்). பாக்க அவ்ளோ அழகு, ஆனா இலவச கணக்குல ரெண்டு மூணு மேப்புக்கு மேல போட விடல, நாலாவது போடணும்னா மாசா மாசம் காசு கட்டுன்னு வந்து நின்னுச்சு, வேலைக்கு போய்ட்டு ராத்திரி படிக்கிற எனக்கு அது கட்டுப்படியாகல. போட்டு வச்ச மேப்ப வெளிய எடுக்கிறதுக்குள்ளயும் போதும் போதும்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம் நண்பன் ஒருத்தன் சொல்லி ஃப்ரீபிளேன்ங்கற மைண்ட் மேப் சாஃப்ட்வேர கம்ப்யூட்டர்ல போட்டேன், இப்ப நாலு மாசம் ஆகுது.

இது முழுக்க இலவசம், ஓபன் சோர்ஸ், அதாவது இதோட மூல நிரல யாரும் பாக்கலாம், மாத்தலாம், அதுக்கு அனுமதி தர்ற ஜிபிஎல் உரிமத்துல வருது. ஃப்ரீமைண்ட்னு ஜாவாங்கற நிரல் மொழியில எழுதின பழைய சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, அதுல இருந்து பிரிஞ்சு வந்தது தான் இது. தோற்றம் கொஞ்சம் பழைய காலத்து ஆபீஸ் சாஃப்ட்வேர் மாதிரி இருக்கும், மெனுவ திறந்தா நூறு விஷயம் கொட்டி கிடக்கும், அத பாத்து பயந்து மூடிடாதீங்க ப்ளீஸ், ஏன்னா இதுல தினமும் தேவைப்படறது மூணே மூணு கீ தான். டேப் அழுத்தினா கீழ ஒரு கிளை, என்டர் அழுத்தினா பக்கத்துல இன்னொரு கிளை, ஸ்பேஸ் அழுத்தினா கிளை மடங்கிக்கும், திரும்ப அழுத்தினா விரியும். மவுஸ தொடவே வேணாம். கை போற வேகத்துக்கு யோசனை இறங்கிடும், எனக்கு இதுல பிடிச்சதே அது தான்.

உதாரணம் சொன்னா புரியும். பயிற்சிக்கு "தமிழ்நாட்டில் நீர் மேலாண்மை"ன்னு ஒரு கட்டுரை எழுத உக்காந்தேன். நடுவுல தலைப்ப போட்டுட்டு, ஒழுங்கு எதுவும் பாக்காம மனசுல வந்தத எல்லாம் கொட்டினேன். கல்லணை, குடிமராமத்து, மேட்டூர் 120 அடி, 2003ல எல்லா கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது, 2015 சென்னை வெள்ளம், செம்பரம்பாக்கம், பள்ளிக்கரணை சதுப்பு நிலம், 2019ல ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல சென்னைக்கு தண்ணி வந்தது, இப்படி பத்து நிமிஷத்துல நாப்பது கிளை. அப்புறம் தான் அடுக்க ஆரம்பிச்சேன், கன்ட்ரோல புடிச்சுக்கிட்டு அம்புக்குறி கீ தட்டினா கிளை மேலயும் கீழயும் நகரும், இல்லனா மவுஸால இழுத்து வேற கிளை மேல விட்டா அதோட பிள்ளை குட்டிங்க எல்லாத்தோடயும் அங்க போய் உக்காந்துக்கும். வெள்ளம் "பேரிடர்"ங்கற கிளைக்கு போச்சு, ரயில் தண்ணி "வறட்சி"ங்கற கிளைக்கு போச்சு.

ரெண்டும் திரையில ஆளுக்கொரு மூலையில நிக்குது, பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரே ஊரு, நடுவுல நாலே வருஷம், ஒரு தடவ தண்ணியில மூழ்கியிருக்கு, இன்னொரு தடவ குடிக்க தண்ணி இல்ல, ரெண்டு பக்கமும் கீழ போய் பாத்தா ஏரியும் சதுப்பு நிலமும் சுருங்கினதுன்னு ஒரே காரணம் ரெண்டு தடவ எழுதி வச்சிருக்கேன்! ரெண்டு கிளையையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் எல் அழுத்தினேன், நடுவுல ஒரு கோடு வந்துச்சு. அந்த கோடு தான் என் கட்டுரையோட மையக்கருத்து ஆச்சு, முன்னுரையும் முடிவுரையும் அதுல இருந்தே வந்துடுச்சு. நோட்டுல எழுதியிருந்தா வெள்ளம் மூணாம் பக்கத்துலயும் வறட்சி ஆறாம் பக்கத்துலயும் கெடந்திருக்கும், நான் சேத்து பாத்திருக்கவே மாட்டேன்.

அடுத்து திருக்குறள். இதுக்கு மைண்ட் மேப் அளவெடுத்து தச்ச சட்டை மாதிரி இருக்கு, ஏன்னா நூலே மரம் மாதிரி தான் இருக்கு. 3 பால், 9 இயல், 133 அதிகாரம். அறத்துப்பால்ல பாயிரவியல் 4, இல்லறவியல் 20, துறவறவியல் 13, ஊழியல் 1, மொத்தம் 38, பொருட்பால் 70, காமத்துப்பால் 25. இத ஒவ்வொண்ணா டைப் பண்ண வேணாம், நோட்பேடுல டேப் விட்டு உள்ள தள்ளி தள்ளி வரிசையா எழுதி காப்பி பண்ணி இங்க பேஸ்ட் பண்ணா அப்படியே கிளை கிளையா பிரிஞ்சு மரமாயிடும். அது நடந்தப்ப எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சுன்னு சொல்ல முடியாது. அப்புறம் எல்லாத்தையும் மடக்கி வச்சுட்டு, பொருட்பால்ல வர்ற ஒழிபியல்ல 13 அதிகாரம் என்னென்னன்னு வாய்விட்டு சொல்லி பாப்பேன், ஸ்பேஸ தட்டி விரிச்சு சரி பாப்பேன். பரீட்சைக்கு முன்னாடி மனப்பாடம் சோதிக்க இதவிட சுலபமான வழி எனக்கு கிடைக்கல.

ஆனா எல்லாத்துக்கும் இது ஒத்து வராது, அதையும் சொல்லணும். ஐந்திணைய போட்டு பாத்தேன், குறிஞ்சிக்கு கீழ நிலம், பெரும்பொழுது, சிறுபொழுது, தெய்வம், உரிப்பொருள்னு, திரும்ப முல்லைக்கு கீழ அதே அஞ்சு, மருதத்துக்கு கீழ அதே அஞ்சு. அஞ்சு திணையோட சிறுபொழுதையும் பக்கத்து பக்கத்துல வச்சு பாக்கணும்னா கண்ணு அஞ்சு இடத்துக்கு ஓடுது. அது மரம் இல்ல, அட்டவணை, எக்ஸெல்ல போட்டா ஒரே பார்வையில முடிஞ்சுது. வருஷ வரிசையில போற வரலாறும் அப்படித்தான், மேப்ல போட்டா எது முந்தி எது பிந்தின்னு தெரியாம போயிடும், நான் அத நோட்டுக்கே திரும்ப கொண்டு போயிட்டேன்.

1970கள்ல இந்த மைண்ட் மேப் முறைய பிரபலமாக்கின இங்கிலாந்துக்காரர் டோனி பூசான், ஒரு கிளைக்கு ஒரே ஒரு வார்த்தை தான்னு சொல்லியிருக்கார். நான் அத கேக்கறதில்ல. "ஏரி"ன்னு மட்டும் எழுதி வச்சா ஒரு வாரம் கழிச்சு ஏரிய பத்தி என்ன நினைச்சேன்னு மறந்துடும், "ஏரி தூர்ந்ததால"ன்னு எழுதினா யோசனையும் சேந்து நிக்கும். தமிழ்ல ரெண்டு வார்த்தையில ஒரு காரணத்தையே சொல்லிடலாமே.

தமிழ் டைப் பண்றதுல எனக்கு பிரச்சனை இல்ல, செட்டிங்ஸ்ல ஃபாண்ட்ட நிர்மலா யுஐக்கு மாத்தி விட்டேன், எழுத்து தெளிவா இருக்கு. ஒரே ஒரு எச்சரிக்கை, ஒரு கிளைய தேர்ந்தெடுத்துட்டு ஏதாவது எழுத்த தட்டினா பழைய எழுத்து போய் புதுசு உக்காந்துடும், அது அப்படித்தான் அமைச்சிருக்கு, வேணாம்னா பிரஃபரன்ஸஸ்ல மாத்திக்கலாம். திருத்தணும்னா எஃப்2.

இல்லாதது எதுன்னா, இது விண்டோஸ், மேக், லினக்ஸ்ல தான் ஓடும், ஃபோன்லயே படிக்கிறவங்களுக்கு இது ஆகாது. பஸ்ல பாக்கறதுக்கு நான் பிடிஎஃப்பா எடுத்து ஃபோன்ல போட்டுக்கறேன், பெரிய மேப்னா ஜூம் பண்ணி பண்ணி விரல் வலிக்கும், அதனால ஒரு தலைப்புக்கு ஒரு மேப்னு சின்னதா வச்சுக்கறது நல்லது. நாலு பேர் சேந்து ஒரே நேரத்துல திருத்தற வசதியும் இல்ல, குரூப் ஸ்டடிக்கு தேடறவங்க வேற பாருங்க. தனியா உக்காந்து படிக்கிறவங்களுக்கு நான் 5க்கு 4 குடுப்பேன்.

டவுன்லோட் பண்ணும்போது விண்டோஸ் இன்ஸ்டாலர்ல, இது ஓடறதுக்கு தேவையான ஜாவாவும் சேந்தே வர்றத எடுங்க, தனியா ஜாவா தேடி அலைய வேணாம். ஃபைல் எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லயே தான் இருக்கும், அளவும் சின்னது தான், நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மொத்த ஃபோல்டரையும் எனக்கே மெயில் அனுப்பி வச்சுக்கறேன்.