ஏழு வருட லித்தியமும் ஊசிக்கண்ணும்

போன வாரம் பள்ளித்தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டாள். "என் தங்கச்சிக்கு லித்தியம் எழுதிக் கொடுத்திருக்காங்கடி. நீ சாப்பிடுறதானே? எப்படி இருக்கு? உண்மையச் சொல்லு." இரண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. லித்தியம் கொடுப்பது பைபோலாருக்கு. மனசு சில காலம் கட்டுமீறித் துள்ளும், அது ஏற்றம்; சில காலம் அடியோடு சோர்ந்துபோகும், அது இறக்கம். அதையெல்லாம் டாக்டர் இந்நேரம் சொல்லியிருப்பார். நான் அந்த மாத்திரையால் நடுங்கும் என் கையைப் பற்றிச் சொல்கிறேன்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. அப்பாவும் அம்மாவும் ரப்பர்ப் பால் வெட்டிய தோட்டத்தில் இப்போது முழுக்கச் செம்பனை, அதாவது பாமாயில் மரம். அங்கே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்து தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிக்குக் குடிவந்தவர்கள்தான் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர். காலையில் ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு, ஊசியில் நூல் கோக்க உட்காருவேன். அங்கேதான் ஆரம்பிக்கும். நூல் முனையை நாக்கில் தொட்டு முறுக்கிக் கொண்டுபோனால், ஊசிக்கண் கிட்டே வந்ததும் விரல் ஆடும். மடியில் சும்மா கிடக்கும்போது ஆடாத கை, வேலை என்று நீட்டினால்தான் ஆடும். நூல் கண்ணுக்கு மேலே போகும், கீழே போகும், முனை பிரிந்து பூனை மீசை மாதிரி நிற்கும். வெட்டிவிட்டு மறுபடி முறுக்க வேண்டும். ஹூக் தைப்பது அதைவிடக் கொடுமை. ஒரு பிளவுஸுக்கு ஆறு ஹூக், ஒவ்வொன்றுக்கும் விரல் நுனியில் ஒரு குத்து. எதிரே நிற்கிற அம்மா, "என்னம்மா, சாப்பிடலையா? கை நடுங்குதே" என்று கேட்பார். நல்ல மனசோடுதான் கேட்கிறார். ஏழு வருடமாக அந்தக் கேள்விக்கு நான் பொய்தான் சொல்லி வருகிறேன்.

உண்மையைச் சொன்னால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்களுக்கும் ஈப்போ நகரத்துக்கும் இடையில் இருக்கிறது தஞ்சோங் ரம்புத்தான். 1911-இல் அங்கே மனநல மருத்துவமனை வந்த பிறகு அந்த ஊர்ப் பேரே வசவாகிவிட்டது. "தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போக வேண்டிய கேசு" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் பேச்சுக்குப் பயந்தே இரண்டு வருடம் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்காமல் இருந்தேன்.

லித்தியத்துக்கு முன்னால் வந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் நான் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தபோது, ஒரு கிளினிக்கில் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் துறுதுறுவென்று இருந்ததுண்டா என்று யாரும் கேட்கவில்லை. பைபோலார் உள்ளவருக்கு அந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மனசு நேரே ஏற்றத்துக்குத் தாவிவிடும். எனக்குத் தாவியது, அதுவும் தீபாவளிச் சீசனில். மூன்று இரவு தூங்கவில்லை. ஆறாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) லைனிங் துணி கடனில் எடுத்தேன். ஒரே ராத்திரியில் நாற்பது பிளவுஸ் வெட்டினேன், ஒன்றுகூட உரியவர் அளவில் இல்லை. அன்றைக்குக் கை துளி ஆடவில்லை. அவ்வளவு உறுதியான கை எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அம்மா, சாமி இறங்கிவிட்டது என்று நினைத்து வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தார். அக்காதான் காரில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே முதலில் ஓலன்சபின் என்ற மாத்திரை. ஏற்றத்தை நான்கைந்து நாளில் இறக்கியது, அதற்கு நன்றி. ஆனால் பசி அடங்கவே இல்லை. என் சொந்த பிளவுஸ் அளவு 36-இலிருந்து 42 ஆனதை என் டேப்பிலேயே அளந்து பார்த்தேன். அடுத்து சோடியம் வால்புரோவேட். அதில் முடி கொட்டியது. அதைவிட, கர்ப்பமானால் பிள்ளைக்கு ஊனம் வரும் ஆபத்து அதிகம் என்பதால், குழந்தை பெறும் வயதில் அதைத் தொடர வேண்டாம் என்று புதிதாக வந்த டாக்டர் சொன்னார். லித்தியத்துக்கும் கர்ப்பத்தில் கவனம் வேண்டும், ஆனால் அந்த அளவுக்கு இல்லை என்றார். 2018 மார்ச்சில் மாற்றினார்கள். 300 மில்லிகிராம் மாத்திரை மூன்று, இரவில்.

லித்தியம் மாத்திரையில் இருப்பது ஒரு வகை உப்பு. அது ஏற்றத்தை அடக்கும் என்று 1949-இல் எழுதியவர் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட். இரண்டாம் உலகப் போரின் ஜப்பான் காலத்தில் சிங்கப்பூர் சாங்கியில் மூன்றரை வருடம் போர்க்கைதியாக இருந்தவர். என் தாத்தா, அதே ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துப் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பி வந்தவர். அதனாலோ என்னவோ, அந்த மனிதர் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

இப்போது காப்பிக் கதை. தோழி இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். கை ஆடுவதற்குக் காப்பிதான் காரணம் என்று பக்கத்துக் கடை அண்ணன் சொன்னார். ஒரு நாளைக்கு நாலு கிளாஸ் கோப்பி குடித்தவள், ஒரே நாளில் நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் நடுக்கம் கூடிவிட்டது! கத்தரிக்கோல்கூட ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்தால் 0.7-இல் இருந்த லித்தியம் அளவு 0.9. காப்பி லித்தியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுமாம், திடீரென்று நிறுத்தினால் அது உடம்பிலேயே தங்கிவிடும். காப்பி நடுக்கத்தைக் கூட்டுவதும் உண்மைதான், விட்டதால் கூடியதும் உண்மைதான். டாக்டர் மாத்திரையைக் குறைக்கவில்லை. "ரெண்டு கிளாஸ், தினமும் அதே ரெண்டு கிளாஸ்" என்றார். அதன்படியே குடிக்கிறேன். நடுக்கத்துக்கு புரோப்ரனலால் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, பலருக்குக் கேட்கிறது. எனக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருப்பதால் கொடுக்க மாட்டார்கள்.

உப்பு விஷயம் இதைவிடப் பெரியது. 2020 தைப்பூசத்துக்கு உப்பில்லாச் சாப்பாடு என்று நேர்ந்துகொண்டேன். உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அதே வாரம் இடுப்பு வலிக்கு ஒரு கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் கொடுத்தார்கள். வேறென்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வலி மாத்திரையும் லித்தியத்தை ஏற்றிவிடும். நாலாம் நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறல், நடந்தால் தள்ளாட்டம். கை வழக்கம்போல மெல்ல நடுங்கவில்லை, தண்ணீர்க் குவளையைக் கொட்டுகிற அளவுக்கு உதறியது. இரத்தத்தில் லித்தியம் 1.7. வழக்கமாக 0.6-க்கும் 0.8-க்கும் நடுவில் வைத்திருப்பார்கள், 1.5-ஐத் தாண்டினால் விஷம். மூன்று நாள் டிரிப். உன் தங்கச்சியின் கை மெல்ல நடுங்கினால் அடுத்த அப்பாயின்ட்மெண்டில் சொன்னால் போதும். உதறினால், தள்ளாடினால், அன்றைக்கே எமர்ஜென்சிக்குக் கொண்டுபோ. வலிக்கு பாராசிட்டமால் மட்டும்.

அதற்குப் பிறகு நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறேன். அளவு, தூங்கிய மணி, அன்றைய மனசு எல்லாம் அதில் இருக்கும். இரத்தம் கொடுக்கும் தேதிக்கு முந்தின இரவு ஒன்பதுக்கு மாத்திரை போட்டால், மறுநாள் ஒன்பதுக்குச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் எல்லாம் கூடவே பார்ப்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஐந்து வெள்ளிதான் கட்டணம், கியூ மட்டும் நீளம். தீபாவளிச் சீசனில் எவ்வளவு ஆர்டர் வந்தாலும் எட்டு மணிக்குக் கடையைச் சாத்துகிறேன். பேங்க் கார்டு அக்காவிடம் இருக்கிறது. ஒரே நேரத்தில் மூன்று துணியை விரித்துப் போட்டால் அவள் எதுவும் பேசாமல் கத்தரிக்கோலை எடுத்து அலமாரியில் வைத்துவிடுவாள்.

இந்த ஏழு வருடத்தில் மனநல வார்டுக்கு ஒருதடவைகூடப் போகவில்லை. கடன் இல்லை. செத்துப் போகலாம் என்ற நினைப்பு ஒருகாலத்தில் தினம் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, இப்போது வருவதில்லை. மகள் என்னைப் பார்த்துப் பயப்படுவதில்லை. ஒரு மருந்திடம் இதைவிட என்ன கேட்க முடியும்?

ஆனாலும் உண்மையைச் சொல்லச் சொன்னாய். இன்று காலை ஒரு கல்யாணப் பிளவுஸுக்குக் கல் ஒட்டும்போது கை ஆடி, பசை பட்டுத் துணியில் சிந்திவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வது? இந்த நிமிஷம் எனக்கு லித்தியத்தைப் பிடிக்கவில்லை. நல்ல மருந்து, வாங்கிச் சாப்பிடு என்று யாருக்கும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் நானாக நிறுத்தவும் மாட்டேன். அடுத்த மாதம் டாக்டரிடம், அளவை 0.6-க்கு இறக்கிப் பார்க்கலாமா என்று கேட்கப் போகிறேன்.

தங்கச்சியை ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கூட்டிட்டு வா, கூட்டம் இருக்காது. மருந்துச் சீட்டையும் கொண்டுவரச் சொல்லு. அதுக்கு முன்னாடி, அவ ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் காப்பி குடிக்கிறான்னு கேட்டு வச்சுக்கோ.