ஜனவரியில் ரோத்தாங் காட்டுகிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

தண்டையார்பேட்டை, காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் குடியிருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். மாதம் 1,500 ரூபாய் கட்டினால் பொங்கல் விடுமுறையில் பனிமலைக்கு அழைத்துப் போகிறேன் என்று வீடு வீடாக அட்டை போட்டு வசூலிக்கும் சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரிடம் நாங்கள் ஏமாந்தோம். பணம் போனதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். என் அண்ணனின் வலது மணிக்கட்டு உடைந்தது. அவர் விசைப்படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். அந்தக் கைதான் அவர் வீட்டுக்குச் சோறு.

வழக்கு நடப்பதால் அந்த ஏற்பாட்டாளரின் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். நடந்ததைச் சொல்ல யாரும் தடை போடவில்லை.

தீபாவளிச் சீட்டு கட்டிப் பழகிய ஊர் இது. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் பெரிய தொகை தெரியாது என்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள நம்பிக்கை. அதே முறையில்தான் அவர் வந்தார். பதின்மூன்று மாதத் தவணை, ஆளுக்கு 19,500 ரூபாய். ஒவ்வொரு மாதமும் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். "நானும் இந்தப் பேட்டையில் பிறந்து வளர்ந்தவன், அக்கா. உங்களை ஏமாற்றிவிட்டு எந்த முகத்தோடு இந்தத் தெருவில் நடப்பேன்?" என்று என் அம்மாவின் எதிரிலேயே சொன்னார். அவர் கொடுத்த நோட்டீசில், இமாச்சலப் பிரதேசத்தில் மணாலிக்குப் பக்கத்தில் இருக்கிற ரோத்தாங் கணவாய், சோலாங் பள்ளத்தாக்கு, பனி விளையாட்டுகள், கம்பளி உடை, மூன்று வேளைச் சாப்பாடு, பயணக் காப்பீடு என எல்லாம் அடக்கம் என்று போட்டிருந்தது.

முதல் பொய் அந்த நோட்டீசின் முதல் வரியிலேயே இருந்தது. ரோத்தாங் கணவாய் 13,050 அடி உயரத்தில் இருக்கிறது. பனிக்காலம் தொடங்கி மேலே பனி மூடிவிட்டால், கோடையில் எல்லைச் சாலைகள் அமைப்பினர் பனியை வெட்டி வழி திறக்கும்வரை சுற்றுலா வண்டிகள் அங்கே போக முடியாது. திறந்திருக்கும் காலத்திலும் நினைத்த நேரத்தில் போய்விட முடியாது. சுற்றுச்சூழல் காரணமாகப் பசுமைத் தீர்ப்பாயம் வைத்த வரம்பின்படி ஒரு நாளைக்கு 1,200 வண்டிகளுக்குத்தான் அனுமதிச் சீட்டு. அதில் பெட்ரோல் வண்டி 800, டீசல் வண்டி 400. இதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு ஆட்களை அழைத்துப் போகிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஜனவரியில் ரோத்தாங் காட்ட முடியாது என்று தெரிந்தே அச்சடித்திருக்கிறார். பனிமலை என்றதும் நம் மக்கள் மனத்தில் வருகிற பெயர் ரோத்தாங் என்பதால் அதைப் போட்டு விற்றிருக்கிறார்.

ரயில் பயணத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி, அங்கிருந்து இரவுப் பேருந்தில் மணாலி. பேருந்து மணாலியை நெருங்கும்போது பொழுது விடிந்தது. தேவதாரு மரங்களின் மேலெல்லாம் பனி. இறங்கியதும் அம்மா சாலையோரத்துப் பனியைக் கையில் அள்ளி, அது உருகி முழங்கை வழியாக வழியும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். எழுபது வயதில் அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நாங்கள் பார்த்ததில்லை. அந்தக் காலைப் பொழுதுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருப்போம். அதனால்தான் அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மறுநாள் எங்களோடு வந்த மேலாளர், "ரோத்தாங் மூடிவிட்டார்கள், வானிலை சரியில்லை" என்று அப்போதுதான் தெரிந்ததுபோல் சொன்னார். வானம் நீலமாக இருந்தது. அடல் சுரங்கப்பாதை வழியாக மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற லாஹூல் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டுமானால் ஆளுக்கு 1,200 ரூபாய் கூடுதலாகத் தர வேண்டும் என்றார். 2020 அக்டோபரில் திறந்த, 9 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கப்பாதையைப் பார்க்க எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் குழுவில் பாதிப்பேரிடம் அவ்வளவு பணம் இல்லை. சரி, சோலாங் போகலாம் என்று முடிவானது.

போகிற வழியில் கோட்டு, பூட்ஸ் வாடகைக்குத் தரும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு கடைக்கும் ஓர் எண். எங்கள் வண்டி எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்பதை மேலாளர் முன்பே பேசி வைத்திருந்தார். நோட்டீசில் "அடக்கம்" என்று இருந்த கம்பளி உடைக்கு ஆளுக்கு 500 ரூபாய் வாங்கினார்கள். எனக்குக் கொடுத்த கோட்டின் உள்துணி முந்தைய ஆளின் வியர்வையோ பனியோ காயாமல் சில்லென்று முதுகில் ஒட்டியது. என் மகளின் பூட்ஸ் இரண்டு அளவு பெரிது. கேட்டால் "இதுதான் இருக்கிறது" என்றார்கள். பிறகு சால்வைக் கடை, உலர்பழக் கடை, நேரம் ஆகிச் சாப்பாடு. நாங்கள் பனிச்சரிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி தாண்டிவிட்டது. இந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காலையில் கால் வைத்தால் புதைகிற பொலபொலப்பான பனி, பகல் வெயிலில் மேலாக உருகுகிறது. நாள் முழுக்க நூற்றுக்கணக்கானவர்கள் சறுக்கிச் சறுக்கி அதை அழுத்திவிடுகிறார்கள். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் அந்த ஈரம் அப்படியே உறைகிறது. நாங்கள் பார்த்த சரிவு, காசிமேட்டில் லாரியிலிருந்து இறக்கும் ஐஸ் பாளம் போல வழவழவென்று நீலம் பாய்ந்து கிடந்தது. அதில் டியூப் சறுக்கு. மரத்தால் ஆன சறுக்குவண்டி என்றால் குதிகாலை ஊன்றியாவது வேகத்தைக் குறைக்கலாம். காற்றடைத்த டியூபுக்குத் திருப்பவும் வழியில்லை, நிறுத்தவும் வழியில்லை. அது சுழன்றுகொண்டே போகும். சரிவு முடிகிற இடத்தில் நீண்ட சமதளம் இருந்தால் தானாக ஓய்ந்து நிற்கும். அங்கே அந்தச் சமதளம் இல்லை. இருபதடி தள்ளிச் சாலையின் கல்சுவர். இது சோலாங்கின் பெரிய மைதானமும் இல்லை, அதற்கு முன்பே சாலையோரத்தில் யாரோ கயிறு கட்டி நடத்தும் ஒரு மேடு. நுழைவுச் சீட்டு, தலைக்கவசம், பலகை எதுவும் கிடையாது. "விளையாட்டு அடக்கம்" என்ற வாக்குறுதி இங்கே வந்து நின்றது.

என் அண்ணன் பயந்த ஆள் இல்லை. சிறுவயதில் லாரி டியூபைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலைக்கு மேல் மிதந்து வளர்ந்தவர். ஆனால் 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு, எங்கள் வீட்டில் எந்தப் படகில் ஏறினாலும் முதலில் மிதவைச் சட்டையைத்தான் கேட்போம். அந்தப் பழக்கத்தில் அண்ணன் அன்றும் கேட்டார்: "கீழே யார் பிடிப்பார்கள்?" மேலாளர் கையைக் காட்டினார். கீழே ஓர் ஆள் கயிற்றோடு நின்றிருந்தார். ஒருவர் ஒருவராகத்தான் அனுப்ப வேண்டும் என்றும் அண்ணன் சொன்னார். நேரம் இல்லை என்று சொல்லி என் எட்டு வயது மகளை அவர் மடியில் உட்கார வைத்துத் தள்ளிவிட்டார்கள்.

டியூப் பாதி வழியிலேயே பின்பக்கமாகத் திரும்பிவிட்டது. அதாவது அண்ணனுக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியவில்லை. கீழே நின்ற ஆள் அதற்குள் அடுத்த குழுவிடம் காசு வாங்கப் போய்விட்டிருந்தார். நான் மேலிருந்து கத்தினேன். சுவருக்கு நாலடி முன்பு டியூப் மீண்டும் சுழன்றதும் அண்ணன் இடது கையால் குழந்தையை நெஞ்சோடு அணைத்து, வலது கையைச் சுவரில் ஊன்றினார். மகளுக்கு முட்டியில் சிராய்ப்பு. அண்ணனின் கை, மணிக்கட்டுக்கு மேலே, கவிழ்த்த கரண்டியின் கழுத்துபோல வளைந்திருந்தது.

மேலாளர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "பனியில் விழுவது சகஜம், அண்ணா. அறைக்குப் போய் ஒத்தடம் கொடுங்கள்." எங்கள் வண்டியை எடுக்கச் சொன்னதற்கு, மற்றவர்கள் விளையாடி முடிக்கும்வரை வண்டி நகராது என்றார். உள்ளூர் டாக்ஸிக்காரர் ஒருவர் அண்ணனின் கையைப் பார்த்ததும் பேச்சே இல்லாமல் கதவைத் திறந்தார். மணாலியில் உள்ள மிஷன் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, ஆரை எலும்பு முறிந்து விலகியிருக்கிறது என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டு, ஊருக்குப் போனதும் தாமதிக்காமல் காட்டச் சொன்னார்கள். அவர்கள் மிக அன்பாக நடந்துகொண்டார்கள். ஏற்பாட்டாளர் தரப்பிலிருந்து ஒருவரும் அந்த மருத்துவமனை வாசலை மிதிக்கவில்லை.

இனிமேல்தான் முக்கியமான இடம். எங்கள் ரசீதில் "பயணக் காப்பீடு, ஆளுக்கு ரூ.350" என்று தனியாக எழுதி வாங்கியிருக்கிறார். பாலிசி எண் கேட்டபோது, குழுக் காப்பீடு, ஆவணம் அலுவலகத்தில் இருக்கிறது என்றார். ஊர் திரும்பிப் பல முறை கேட்ட பிறகு ஒரு தாளைக் கொடுத்தார். அது என்ன தெரியுமா? ரயில் டிக்கெட்டை இணையத்தில் எடுக்கும்போது ஒரு கட்டத்தில் டிக் செய்தால் ஆளுக்கு 45 பைசாவுக்குக் கிடைக்கிற காப்பீடு. அது ரயில் விபத்துக்கு மட்டும்தான் பொருந்தும். 45 பைசாவைக் கொடுத்துவிட்டு 350 ரூபாய் வாங்கியிருக்கிறார். நாற்பத்திரண்டு பேர் கொண்ட குழு எங்களுடையது. உண்மையான பயணக் காப்பீடாக இருந்தாலும், பல பாலிசிகளில் பனிச்சறுக்கு போன்ற சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு. அதற்கெனத் தனியாகச் சேர்த்திருக்கிறார்களா என்று எழுத்தில் பார்க்க வேண்டும்.

ஊருக்கு வந்ததும் உறவினர் பாதிப்பேர் புத்தூர்க் கட்டுப் போடச் சொன்னார்கள். எலும்பு விலகியிருந்ததால் அண்ணி பிடிவாதமாக ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். கை அறுவைச் சிகிச்சைக்கென்றே அங்கே பெயர் பெற்ற துறை இருப்பது வடசென்னைக்குக் கிடைத்த கொடை. கம்பி வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். இப்போது அண்ணனால் டம்ளர் பிடிக்க முடிகிறது. ஸ்பேனரை அழுத்தித் திருப்ப இன்னும் முடியவில்லை. படகுக்காரர்கள் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, கடலுக்குப் போகிற நாளில் இன்ஜின் ஓடியாக வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ஏற்பாட்டாளர், "நீங்கள் சுற்றுலாவை நடத்திய டெல்லிக்காரர் மேல்தான் வழக்குப் போட வேண்டும், நான் வெறும் முகவர்" என்றார். அது பொய். பணம் வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் அவர். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். டெல்லிக்கோ மணாலிக்கோ போக வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குக் கட்டணமும் இல்லை. நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம், பிறகு சென்னை வடக்கு மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்தோம். அட்டை, நோட்டீஸ், ரசீது, எக்ஸ்ரே, அந்தச் சரிவில் என் கணவர் எடுத்த வீடியோ எல்லாம் இணைத்திருக்கிறோம். எங்களோடு வந்தவர்களில் சிலர், தெரிந்தவர் ஆயிற்றே என்று தயங்கி அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். வைத்திருப்பவர்கள் பத்திரமாக வைத்திருங்கள். உங்களுக்கும் ரோத்தாங் காட்டவில்லை, உங்களிடமும் 350 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

இப்போது அவர் அதே தெருக்களில் காஷ்மீருக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். புது நோட்டீஸ் நேற்று எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தது. "பனி விளையாட்டுகள், காப்பீடு அடக்கம்" என்ற வரி மாறவே இல்லை. உங்கள் வீட்டுக்கு வந்தால் முதல் தவணை கொடுக்கும் முன், காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் எழுதிக் கையெழுத்திட்ட தாளைக் கேளுங்கள். அந்த எண்ணை நிறுவனத்திடமே தொலைபேசியில் சரிபாருங்கள். தர மாட்டேன் என்றால் அட்டையை வாங்காதீர்கள்.