கேரவன், மினிபஸ் வச்சிருக்கவங்க பார்த்துக்கிடுங்க: டயர் காத்து மானிட்டர் வாங்கி நான் பட்ட பாடு

நாகர்கோவில்ல ஒரு கார் அக்சஸரீஸ் கடை. பேரைப் போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு வீட்ல பயப்படுதாங்க, அதனால விட்டுட்டேன்.

நானும் மச்சானும் பழைய 407 மினிபஸ் ஒண்ணை எடுத்து சீட்டையெல்லாம் கழட்டி, ரெண்டு கட்டில், கேஸ் அடுப்பு, 200 லிட்டர் தண்ணி டேங்க் வச்சு கேரவனா மாத்தினோம். (ஆர்சி மாத்துனது தனிக் கதை, சவத்த விடுங்க.) மொத்தம் ஆறு டயர். பின்னால ஜோடி டயர்ல உள் டயர் காத்து இறங்கினா ஓட்டுறவனுக்குத் தெரியவே தெரியாது. வெளி டயர் மொத்த பாரத்தையும் தாங்கிக்கிட்டு ஓடும். வண்டி சாயாது, ஸ்டியரிங் இழுக்காது. ஆனா ரெண்டு டயரும் சூடேறி வெடிக்கும், சில நேரம் தீயே பிடிக்கும். அந்தப் பயத்துலதான் டிபிஎம்எஸ், அதான் டயர் காத்தை அளந்து ஓட்டுறவனுக்குக் காட்டுற மானிட்டர், வாங்கப் போனேன்.

வால்வு மூடிக்குப் பதிலா திருகுற ஆறு சென்சார், டேஷ்போர்டுல ஒரு மானிட்டர், 11,500 ரூபாய். பில் கேட்டதுக்கு துண்டுச் சீட்டு. பெட்டியையே கண்ணுல காட்டல. "அண்ணாச்சி, இனி ஸ்டெப்னி எதுக்கு? கவர்மெண்டே வேண்டாம்னு சொல்லிட்டான்"னு கடைக்காரன் சொன்னான். நானும் நம்பி ஸ்டெப்னியை வீட்ல அயனி மரத்து மூட்டுல போட்டுட்டு, அந்த இடத்துல கழிவுத்தண்ணி டேங்கை மாட்டிட்டேன்.

பிறகுதான் தெரிஞ்சுது. ஸ்டெப்னி வேண்டாம்னு 2020-ல வந்த விதி மூணரை டன்னுக்கு உட்பட்ட வண்டிக்கு. அதுவும் டியூப்லெஸ் டயர், டிபிஎம்எஸ், பஞ்சர் கிட் மூணும் இருந்தாத்தான். என் வண்டி அஞ்சு டன்னைத் தாண்டும், டயர் டியூப் போட்டது.

ரெண்டு மாசம் முட்டம் பக்கம் நிறுத்தியிருந்தோம். அப்புறம் குடும்பத்தோட மதுரைக்குக் கிளம்பினோம். ஆரல்வாய்மொழி தாண்டி, முப்பந்தல் காத்தாடிகள் கண்ணுல படுற இடம். மானிட்டர்ல ஆறும் பச்சை. இடது பின் உள் டயர் காத்தழுத்தம் 74. பைக்ல வந்த ஒரு பையன் பக்கத்துல வந்து "புகை வருது, ஓரங்கட்டுங்க"ன்னு கத்தினான். இறங்கிப் பார்த்தா உள் டயர் சப்பி, பக்கவாட்டு ரப்பர் பொடிப்பொடியா உதிருது. வெளி டயர்ல கை வைக்க முடியல. மானிட்டர் அப்பவும் 74.

அந்த 74 மாட்டுன அன்னைக்கு வந்த நம்பர். இந்த மானிட்டர் சிக்னல் போனாலும் கடைசி நம்பரையே காட்டிக்கிட்டு நிக்கும். மத்த டயரெல்லாம் காலையில 75-ல கிளம்பி, ஓட்டத்துல சூடேறி 80-ஐத் தாண்டியிருந்துது. இது மட்டும் அசையல. அசையாத நம்பரைப் பார்த்து நிம்மதியா ஓட்டியிருக்கேன், என் புத்தியைச் சொல்லணும்.

பஞ்சர் கடைத் தம்பி சென்சாரைக் கழட்டப் பார்த்தா வரல. வால்வு பித்தளை, சென்சாரோட மரை அலுமினியம். உப்புக்காத்துல ரெண்டும் பச்சையும் வெள்ளையுமா பூத்து ஒட்டிப்போச்சு. பிளையர் போட்டுத் திருக, வால்வே முறிஞ்சு கையோட வந்துட்டு. மச்சான் குட்டி யானையில ஸ்டெப்னி கொண்டு வர மூணு மணி நேரம். பிள்ளைங்க வெயில்ல.

கடைக்குப் போய்க் கேட்டேன். "கடல்காத்துல வச்சது உங்க தப்பு அண்ணாச்சி." அப்ப அதே மாடல் பெட்டி ஒண்ணு ரேக்ல இருந்துது. எடுத்துப் பார்த்தா, சென்சாரோட சேர்த்து ரிப்பீட்டரும் படத்துல இருக்கு. நீள வண்டியில பின்பக்க சிக்னலைப் பிடிச்சு முன்னால அனுப்புற சாமான் அது. எனக்கு மாட்டவே இல்ல. "அது பெரிய பஸ்ஸுக்குத்தான்"னு மழுப்புறான். வேற யாருக்கோ தனியா வித்திருப்பான்னு நினைக்கேன்.

வாங்கப் போறவங்க பெட்டியை உங்க முன்னால பிரிக்கச் சொல்லுங்க. மாட்டின பிறகு உள் டயர் சென்சாரை லேசாத் தளத்தி விட்டு, முன் சீட்ல அலாரம் அடிக்குதான்னு பார்த்துட்டு காசு குடுங்க. சிக்னல் போனா திரையில கோடு வருமா, பழைய நம்பரே நிக்குமான்னும் கேளுங்க. கடலோரம்னா மாசம் ஒரு தடவை கழட்டி மாட்டணும்.

1915-ல நுகர்வோர் உதவிக்குக் கூப்பிட்டுப் புகார் பதிஞ்சிருக்கேன். கையில இருக்கிறது அந்தத் துண்டுச் சீட்டு மட்டும்தான்.