வாடகை வீட்டுப் பாத்ரூம் சுவரில் டிரில் போடலாமா? காரைக்குடிப் பக்கத்து அனுபவம்

டவல் ராடு, சோப்பு ஸ்டாண்டு, ஒரு சின்ன அலமாரி. வாடகை வீட்டுப் பாத்ரூமில் இவற்றை மாட்ட ஒட்டு கொக்கி போதுமா, டிரில் மெஷின் எடுக்கத்தான் வேண்டுமா என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக எடுங்கள் என்பேன். சுவர் எந்த ரகம், அதற்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு எடுங்கள், அவ்வளவுதான். காரைக்குடியில் புதிதாகக் கட்டிய வீட்டிலும், பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டிலும் வாடகைக்கு இருந்திருக்கிறேன். இரண்டு வீட்டுப் பாத்ரூம் சுவரும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. அதனால் ஒரே யோசனையை எல்லாருக்கும் சொல்ல முடியாது.

முதலில் ஒட்டு கொக்கி. வழவழப்பான டைல்ஸில், சோப்புப் படலம் போக ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, ஒட்டிய பிறகு 24 மணி நேரம் எதுவும் தொங்கவிடாமல் விட்டால் நன்றாகவே நிற்கும். பிரஷ், ரேஸர், ஒரு கைத்துண்டு என்றால் கவலையில்லை. நனைந்த பெரிய டவலைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம். வெற்றிடத்தில் பிடிக்கும் ரப்பர் கப் வகை எனக்குப் பிடிக்கவே இல்லை. போர் தண்ணீரின் உப்பு அந்த ரப்பர் விளிம்புக்கடியில் வெள்ளையாகப் படியப் படியப் பிடிப்பு விட்டுப்போகிறது. நடுராத்திரியில் பாத்ரூமில் தடாலென்று விழும் சத்தம் கேட்டு வீடே எழுந்த கதையெல்லாம் உண்டு. சொரசொரப்பான டைல்ஸிலும் சுண்ணாம்புச் சுவரிலும் ஒட்டு கொக்கிக்கு வேலையே இல்லை. சுண்ணாம்புச் சுவரில் அது விழும்போது பூச்சையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

அடுத்தது அனுமதி. இங்கே நிறைய வீட்டுக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். கோயில் திருவிழா, கல்யாணம் என்றால்தான் ஊருக்கு வருவார்கள். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. துளை போடும் இடத்தைப் பென்சிலால் குறித்து, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்ற பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தூர் வீட்டு ஆச்சி போனிலேயே சொல்லிவிட்டார்: "தாராளமா மாட்டிக்க தம்பி. ஆத்தங்குடிக் கல்லுல மட்டும் கை வச்சிராத, அந்தக் கலர் இனிமே கிடைக்காது." ஆத்தங்குடிக் கல் என்றால் கையால் செய்யும் பூவேலைச் சிமெண்ட் டைல்ஸ். ஆச்சியின் அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெரிய வழிகாட்டி.

சட்டமும் இதையொட்டித்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளையடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், கீசர் ரிப்பேர், சுவிட்சு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் நாம் போட்ட துளையால் குழாய் உடைந்தால் அந்தச் செலவு நம் தலையில்தான். அட்வான்ஸில் கழிப்பதும் அதற்குத்தான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இப்போது கட்டும் வீடுகளில் பாத்ரூம் குழாய்கள் எல்லாமே சுவருக்குள். கொத்தனார் செங்கல்லில் காடி வெட்டி, சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப்பை உள்ளே வைத்து, பூசி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார். டைல்ஸ் பரப்பிலிருந்து பைப்புக்குப் பல இடங்களில் ஒரு அங்குலம்கூட இருக்காது. ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளச் சுவருக்குள் செருகும் பிளக்குக்கு நாம் போடும் துளையோ ஒன்றரை அங்குலம் உள்ளே போகிறது. ஆகவே குழாய், ஷவர், மிக்ஸர், கீசர் பாயிண்ட் என்று சுவரில் தலை நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றுக்கும் நேர் மேலே, நேர் கீழே, அதே மட்டத்தில் இடமும் வலமும் விலக்கப்பட்ட பகுதி. இருபுறமும் ஒரு சாண் விட்டுவிடுங்கள். ஷவருக்கும் மிக்ஸருக்கும் நடுவே சோப்பு ஸ்டாண்டு வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், கைக்கும் எட்டும். அதே இடத்தில்தான் பைப்பும் ஏறுகிறது.

பாத்ரூமுக்குள் நின்று பார்த்தால் பாதிதான் தெரியும். சுவரின் மறுபக்கம் போய்ப் பாருங்கள். அங்கே சமையலறை சிங்க் இருக்கிறதா, வாஷிங் மெஷின் குழாய் இருக்கிறதா, சுவிட்சு போர்டு இருக்கிறதா? பாத்ரூம் சுவிட்சு பெரும்பாலும் கதவுக்கு வெளியேதான் இருக்கும். அதிலிருந்து வயர் பைப் அதே சுவருக்குள் மேலே ஏறும். நடுச்சுவர் நாலரை இஞ்சுச் சுவராக இருந்தால் அந்தப் பக்கத்துக் காடியையும் நம் பிட் தொட்டுவிட வாய்ப்பு உண்டு. மொட்டைமாடி டேங்கிலிருந்து பைப் எந்த மூலையில் இறங்குகிறது என்று ஒரு தடவை மாடியேறிப் பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். கீசரைப் போட்டுச் சுடுதண்ணீரைச் சிறிது நேரம் ஓடவிட்டு டைல்ஸின் மேல் கையை வைத்துப் பார்ப்பேன். சில சுவரில் வெதுவெதுப்பு கோடாகவே தெரியும். தெரியவில்லை என்றால் பைப் இல்லை என்று அர்த்தமில்லை.

ஆன்லைனில் கிடைக்கும் குறைந்த விலை டிடெக்டரைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இரும்பையும் கரண்டு ஓடும் வயரையும் காட்டும். பிளாஸ்டிக் பைப்பைக் காட்டாது. அது "பீப்" அடிக்கவில்லை என்பதற்காக சிபிவிசி ஓடும் சுவரில் நம்பித் துளை போடாதீர்கள். புது வீடு என்றால் பிளம்பரைத் தேடிப்பிடித்துக் கேட்பது ஆயிரம் மடங்கு மேல். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் எடுத்த போட்டோ சில சமயம் வீட்டுக்காரரிடமோ மேஸ்திரியிடமோ இருக்கும், தயங்காமல் கேளுங்கள்.

என் காரைக்குடி வீட்டில் எனக்கு முன்னால் குடியிருந்தவர் கண்ணாடி மாட்டிய ஸ்க்ரூ பைப்பை லேசாக உரசியிருந்தது. தண்ணீர் பீய்ச்சி அடிக்கவில்லை. மறுபக்கத்துப் படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் மெல்ல உப்பி, வெள்ளைப் பூ பூத்து, பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இந்த ரகக் கசிவுதான் மோசம். பல மாதம் கழித்து மாட்டிக்கொள்பவர் அடுத்து குடிவந்தவராக இருப்பார். அதனால் நான் துளை போடும் முன் அந்த பாத்ரூமுக்கான கேட் வால்வை மூடி, கீழ்க் குழாயைத் திறந்து பைப்பில் இருப்பதை வடியவிட்டுவிடுவேன். வேலை முடிந்ததும் வால்வைத் திறந்து, பிளக் வைப்பதற்கு முன்பே துளைக்குள் டார்ச் அடித்து ஈரம் வருகிறதா என்று பார்ப்பேன்.

கரண்டில் சமரசமே கிடையாது. பாத்ரூம், கீசர் இரண்டுக்கும் மெயின் போர்டில் உள்ள எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு, கீசர் பாயிண்டில் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, டிரில்லுக்கு வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் எடுங்கள். தரை காய்ந்திருக்க வேண்டும், காலில் ரப்பர் செருப்பு வேண்டும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் சட்டென்று துண்டிக்கும் சுவிட்சு) இல்லை என்றால் பேட்டரி டிரில்லைக் கடன் வாங்கிக்கொள்வது நல்லது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். டைல்ஸ் தூள் கண்ணில் விழுந்தால் சாதாரணத் தூசி மாதிரி இல்லை.

இப்போது துளை. சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டொக் டொக்' என்று பொக்கையாகக் கேட்கும் டைல்ஸை விட்டுவிடுங்கள், பின்னால் கலவை இல்லாததால் விரிசல் விடும். ஓரத்திலிருந்து ஒரு அங்குலமாவது உள்ளே வாருங்கள். குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் புள்ளி வைத்தால் பிட் வழுக்காது. ஹேமர் மோட் ஆஃப். ஈட்டி முனை கொண்ட டைல்ஸ் பிட், மெதுவான வேகம், லேசான அழுத்தம். முதல் அரை நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பிறகு மாவாகத் தூள் உதிர ஆரம்பிக்கும். தூள் சிமெண்ட் நிறத்துக்கு மாறியதும் டைல்ஸ் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு சாதாரணக் கான்கிரீட் பிட்டை மாட்டி, செங்கல்லில் தேவைப்பட்டால் மட்டும் ஹேமர். பிட்டிலேயே 40 மில்லிமீட்டரில் டேப் சுற்றிவிட்டால் அதைத் தாண்டிப் போகாது. ஈட்டி முனை இறங்கவே மறுத்தால் அது விட்ரிஃபைடு என்ற ரொம்பக் கெட்டியான டைல்ஸ். அதற்கு டைமண்ட் பிட்டும் தொடர்ந்து தண்ணீர்த் தெளிப்பும் வேண்டும். பேட்டரி டிரில்லால்தான் செய்ய வேண்டும்.

பள்ளத்தூர் வீட்டில் இந்தப் பாடம் எதுவும் செல்லவில்லை. பின்னாளில் சேர்த்த பாத்ரூம் என்றாலும் ஒரு பக்கம் பழைய சுண்ணாம்புச் சுவர், மறுபக்கம் இடுப்பளவுக்கு ஆத்தங்குடிக் கல். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, கலர் சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் கொட்டி அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுவது. பூவேலை தெரியும் அந்தக் கலர் அடுக்கு மேலே மெல்லியதாகத்தான் இருக்கிறது. டிரில் அதிர்ச்சியில் துளையைச் சுற்றி அந்த அடுக்கு செதிள் செதிளாகப் பெயரும். கையால் ஊற்றியது என்பதால் அதே சாயல் கல் இன்னொன்று கிடைப்பதும் கஷ்டம். சில வீடுகளில் கூடத்துச் சுவரில் பழைய ஜப்பான் பூக்கல் (பூப்போட்ட டைல்ஸ்) இருக்கும், அதன் பக்கம் டிரில்லைக் கொண்டே போகாதீர்கள். இந்தச் சுவர்களுக்கு என் தீர்ப்பு: துளை வேண்டாம். தரையில் நிற்கும் ஸ்டீல் ஸ்டாண்டும், கதவின் மேல் மாட்டும் கொக்கியும் போதும்.

சுண்ணாம்புச் சுவரில் எதையாவது மாட்டியே தீர வேண்டும் என்றால் ஹேமர் இல்லாமல் சின்னத் துளையாக ஆரம்பியுங்கள். பழைய செங்கல் மெத்தென்று இருப்பதால் துளை சட்டென்று பெரிதாகி பிளக் ஆடும். அங்கே நான் ஒரு துளையோடு நிறுத்திக்கொண்டேன், அதில் சின்னக் கண்ணாடி மட்டும்.

காரைக்குடி வீட்டில் போட்டவை இன்றும் அசையவில்லை. அதற்கு இரண்டு காரணம் சொல்வேன். ஸ்க்ரூ எல்லாம் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ராடுடன் பாக்கெட்டில் வந்த ஸ்க்ரூவைப் போட்ட பக்கத்து வீட்டில் துரு வடிந்து டைல்ஸில் கோடு விழுந்துவிட்டது. இன்னொன்று, துளையின் தூளை ஊதி எடுத்துவிட்டு, பிளக் செருகும் முன் கொஞ்சம் பூஞ்சை பிடிக்காத சிலிகான் விட்டேன், தண்ணீர் சுவருக்குள் இறங்கவில்லை. கீசரை மட்டும் நான் தொடவில்லை. 15 லிட்டர் கீசரில் தண்ணீரே 15 கிலோ. அதைத் தாங்கும் போல்ட்டும் சுவரும் வீட்டுக்காரரும் டெக்னீஷியனும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது.

காலி செய்யும்போது ராடைக் கழற்றுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், பலர் "அப்படியே இருக்கட்டும்" என்பார்கள். கழற்றச் சொன்னால், ஸ்க்ரூவைப் பாதி திருகி, கொறடால் பிடித்து இழுத்தால் பிளக்கும் கூடவே வரும். டைல்ஸ் துளைக்கு ஒயிட் சிமெண்டில் டைல்ஸ் நிறத்துக்கு ஏற்ற கலர்ப்பொடி கலந்து அடைக்கலாம். சுண்ணாம்புச் சுவர்த் துளைக்குச் சிமெண்ட் ஆகாது. சுற்றியுள்ள பூச்சைவிடக் கெட்டியாக நின்று, ஈரத்தை அடைத்து, ஓரத்தில் மறுபடி பெயர வைக்கும். கொத்தனாரிடம் ஒரு கை சுண்ணாம்புக் கலவை கேட்டால் கொடுத்துவிடுவார். அதை இரண்டு தடவையாக, முதல் பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது என்று அடைத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.