டோக்கியோ சென்டோ ரிவ்யூ: துண்டு எடுத்துட்டு போங்க, கூச்சத்த வீட்ல விட்டுட்டு போங்க

ஜப்பான்காரங்கள புரிஞ்சுக்க ஹோன்னே (மனசுக்குள்ள நெனைக்கிறது), ததேமாயே (வெளிய காட்டிக்கிறது), மெய்வாக்கு (அடுத்தவங்களுக்கு தொந்தரவு)ன்னு யூட்யூப்ல மணிக்கணக்கா கிளாஸ் எடுக்குறாங்க, அதுக்கு பதிலா டோக்கியோல ஏதாவது ஒரு சென்டோவுக்கு, அதாங்க தெருவுக்குள்ள இருக்க பொதுக் குளியல் கடை, ஒரு தடவ போயிட்டு வாங்கங்குறதுதான் என் கட்சி. 2024 ஆகஸ்ட்ல இருந்து பெரியவங்களுக்கு 550 யென், சாதா சென்டோன்னா டோக்கியோக்குள்ள எங்க போனாலும் அனேகமா இதே ரேட்டுதான், ஏன்னா உச்சவரம்ப வைக்கிறதே அரசாங்கம்.

குத்தாலத்துல கூட்டத்தோட கூட்டமா குளிச்ச நமக்கே இங்க ஒரு தயக்கம் வரும், ஜட்டி கூட கிடையாது. ஆண் பெண் தனித்தனி, பயப்படாதீங்க. தொட்டில இறங்குறதுக்கு முன்னாடி சின்ன ஸ்டூல்ல உக்காந்து சோப்பு போட்டு நல்லா கழுவிடணும், நின்னுகிட்டு ஷவர் அடிச்சா பக்கத்துல இருக்கவர் மேல தெறிக்கும், துண்டு தொட்டித் தண்ணில படக்கூடாதுன்னு தாத்தாக்கள் மடிச்சு தலைல வச்சுக்கிறாங்க, எழுந்து போறப்ப ஸ்டூலயும் பக்கெட்டயும் அலசி வச்சுட்டு போறாங்க. அடுத்தவனுக்கு தொந்தரவா இருக்கக்கூடாதுங்குற மெய்வாக்கு சமாச்சாரம் மொத்தமும் இதுதான். தப்பு பண்ணா பெரும்பாலும் யாரும் வாய தொறக்க மாட்டாங்க, ஆனா சுத்தி இருக்கவங்க லேசா நகர்ந்து உக்காருவாங்க பாருங்க, அதுலயே நமக்கு புரிஞ்சிடணும்.

ஒண்ணு மட்டும் ஓவர் பில்டப். 'ஹதாக்கா நோ த்ஸுகியாய்'னு சொல்வாங்க, அம்மணமா உக்காந்தா மேனேஜர், தொழிலாளி வித்தியாசம் போயி மனசு விட்டு பேசுவாங்களாம். நான் பாத்த வரைக்கும் ரெகுலரா வர்ற பெருசுங்கதான் பேசிக்கிறாங்க, மத்தவங்க கண்ண மூடிட்டு கம்முனு கிடக்குறாங்க. 1968 வாக்குல நாடு முழுக்க கிட்டத்தட்ட 18,000 சென்டோ இருந்துச்சு, வீட்டுக்கு வீடு பாத்ரூம் வந்ததும் இப்ப 2,000க்கும் கீழ போயிடுச்சு, அப்புறம் யார் யாரோட பேசுறது?

சுவத்துல ஃபுஜி மலை பெயிண்டிங் அட்டகாசம். தண்ணி 42, 43 டிகிரி, சில எடத்துல அதுக்கும் மேல, முதல்ல கால வச்சதும் உசுரு போகும். வெளிய வந்து கண்ணாடி பாட்டில்ல ஜில்லுனு காபி பால் குடிக்காம கிளம்பாதீங்க.

5க்கு 4. கடை தொறந்த உடனே போனா பெருசுங்க கூட்டம், ராத்திரி 9 மணிக்கு மேல ஃப்ரீயா இருக்கும். கார்ட நம்பாதீங்க, சில்லறையா கேஷ் வச்சுக்கோங்க.